கணக்கப்பிள்ளையை மயக்கிய வைரஸ்

காரைக்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். ஆத்தங்குடித் தளக்கல்லைப் பார், கண்டாங்கிச் சேலை வாங்கு, பழைய சாமான் கடையில் ஒரு எனாமல் கிண்ணத்துக்காவது பேரம் பேசு. என்னைக் கேட்டால் கும்மாயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வேன்.

சாப்பிட்டிருக்கிறீர்களா? உளுந்தை வாசனை வரும்வரை வறுத்து, மாவாகத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கரைத்து, நெய் விட்டு நெய் விட்டுக் கிண்டுவார்கள். ஆடி மாதத்தில் செய்தால் ஆடிக் கும்மாயம். மற்ற மாதங்களில் வெறும் கும்மாயம். ருசியில் வித்தியாசம் கிடையாது. அப்படி ஒரு கிண்ணம் கும்மாயத்தைக் கையில் கொடுத்த ஆச்சியிடம், சும்மா இருக்க முடியாமல், 'உளுந்து எந்த ஊரு ஆச்சி?' என்று கேட்டுவைத்தேன்.

'கடையில பர்மா உளுந்துன்னுதான் சொல்றாக. எங்க அப்பச்சி காலத்துல நாம அங்க போயி வட்டிக்குக் குடுத்தோம். இப்ப அவுக நமக்கு உளுந்து அனுப்புறாக. கணக்கு நேராயிருச்சு, சாப்பிடுங்க.'

ஆச்சி விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவிகிதம். அப்புறம் உலகப் பொருளாதாரமே படுத்தது, நெல் விலை பாதாளத்துக்குப் போனது, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்ப முடியவில்லை. அடமானமெல்லாம் சொந்தமாகி, 1938-ல் அது 25 சதவிகிதமானது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1960-களில் நெ வின் வந்தார். எல்லாம் போச்சு. அந்தப் பர்மாவிலிருந்துதான், அதாவது இன்றைய மியான்மரிலிருந்துதான், இந்தியா இறக்குமதி செய்கிற உளுந்தில் பெரும்பகுதி வருகிறது. 2021-ல் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் என்று ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தமே போட்டார்கள்.

சரி, உளுந்து என்ன பர்மாச் சரக்கா? இல்லவே இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்த பயிர். அகநானூற்றின் 86-வது பாட்டில், நல்லாவூர் கிழார் என்ற புலவர் ஒரு கல்யாண வீட்டைக் காட்டுகிறார். அங்கே விருந்தில் உளுந்துக் களி இருக்கிறது. ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம் வருஷமாக நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒரு பயிரை ஏன் நம்மாலேயே போதுமான அளவு விளைவிக்க முடியவில்லை?

மழை, விலை, ஆள் கூலி என்று காரணங்கள் நிறைய. அதெல்லாம் வேறு கட்டுரை. நான் சொல்லப்போவது இன்னொரு காரணம். அதன் நிறம் மஞ்சள்.

*

தை மாதத்தில் உளுந்து வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? டெல்டா பக்கம் நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்னாடியே, ஈரம் காயாத மண்ணில் உளுந்தை விசிறி விடுவார்கள். நெல்லை அறுத்துக் கொண்டுபோன பிறகு, தாளுக்கு நடுவே உளுந்து தலைதூக்கும். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், பனி போதும். அறுபத்தைந்து, எழுபது நாளில் காசு. விவசாயிக்கு அது ஒரு போனஸ்.

நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் செடியில், ஒருநாள் இளம் இலை ஒன்றில் ஊசியால் குத்தின மாதிரி சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள். சில நாளில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகத் தேமல். அப்புறம் புதுசாக வருகிற இலையெல்லாம் முழு மஞ்சள். எட்ட நின்று பார்த்தால் வயலே பூத்துக் குலுங்குகிற மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் காய் இருக்காது. இருந்தாலும் நாலைந்து, அதுவும் சூம்பிப்போய். பயிர் சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டால் மொத்த விளைச்சலும் காலி. 'மஞ்ச விழுந்திருச்சு' என்பார் விவசாயி. மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. வேளாண்மைத் துறைக்காரர்கள் மஞ்சள் தேமல் நோய் என்று எழுதுவார்கள்.

இந்த மஞ்சளுக்கு ஒரு ராஜகுடும்பத்துத் தொடர்பு உண்டு. ஜப்பானில் கோகென் என்று ஒரு பேரரசி. கி.பி. 752-ல் ஒரு கவிதை எழுதினார். கோடைகாலத்திலேயே ஒரு காட்டுச் செடியின் இலைகள் மஞ்சளாகிவிட்டதைப் பற்றிய கவிதை. மன்யோஷு என்ற பழந்தொகையில் அது இருக்கிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகளாக அதை ரசிகர்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். 2003-ல் இங்கிலாந்து, ஜப்பான் விஞ்ஞானிகள் சிலர் ரசிப்பதோடு நிறுத்தாமல், அந்தச் செடியின் மஞ்சளுக்குக் காரணம் ஒரு வைரஸ்தான் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தாவர வைரஸ் நோய் பற்றி மனிதன் எழுதிவைத்த மிகப் பழைய குறிப்பு அந்தக் கவிதைதான் என்றார்கள். நம் உளுந்தைப் பிடித்திருப்பது அதே குடும்பத்து வைரஸ். பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் ஊரில் இது முறையாகப் பதிவானது டெல்லியில். அங்கே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்து வயலில் 1955-ல் பாசிப்பயறு மஞ்சளாகப் போனதைக் கவனித்தார்கள். நாரியானி என்ற விஞ்ஞானி 1960-ல் அதை எழுதி வெளியிட்டார். பரப்புகிறவன் யார் என்பதும் தெரிந்தது: வெள்ளை ஈ. பேர்தான் ஈ. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு, மாவு பூசின மாதிரி வெள்ளையாக, இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி. நோயாளிச் செடியில் குடித்த வாயோடு நல்ல செடியில் வந்து குடிக்கும். வந்த இடத்தில் வைரஸை இறக்கிவிட்டுப் போய்விடும்.

அந்த வைரஸை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு வேடிக்கை. மற்ற வைரஸ்கள் தனி உருண்டையாகவோ குச்சியாகவோ இருக்கும். இது இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதனால் இந்தக் குடும்பத்துக்கே ஜெமினி வைரஸ் என்று பெயர். மிதுன ராசி! இப்படி முப்பதாயிரம் இரட்டையர்களை வரிசையில் நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் நிரம்பாது. 1977-ல் அமெரிக்காவில் ராபர்ட் குட்மன் இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்றை உடைத்துப் பார்த்து, உள்ளே இருப்பது டி.என்.ஏ. என்றார். அதுவும் ஒற்றை இழை. தாவர வைரஸ் என்றாலே பெரும்பாலும் ஆர்.என்.ஏ.தான் என்று பழகியிருந்தவர்களுக்கு அது ஆச்சரியம்.

டி.என்.ஏ. என்றால் என்ன அர்த்தம்? இந்த வைரஸ் செல்லின் திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்க்காது. நேராக உள்வீட்டுக்கே போகும். நியூக்ளியஸுக்கு.

*

நியூக்ளியஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் உட்கரு என்று படித்தது ஞாபகம் இருக்கலாம். 1869-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஊரில், ஒரு பழைய கோட்டையின் சமையலறையாக இருந்த இடத்தில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஸ்விட்சர்லாந்துக்கார இளைஞர் ஒருத்தர், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டிய துணிகளை வாங்கிவந்து, சீழைக் கழுவி எடுத்து ஆராய்ச்சி செய்தார். பெயர் ஃப்ரீட்ரிஷ் மீஷர், ஊர் பாஸல். சீழ்ச் செல்களின் நியூக்ளியஸிலிருந்து அதுவரை யாரும் பார்க்காத ஒரு பொருளைப் பிரித்தார். நியூக்ளின் என்று பேர் வைத்தார். இன்றைக்கு நாம் டி.என்.ஏ. என்று சொல்வது அதைத்தான். 1895-ல் காசநோயில் மீஷர் இறந்துபோனார், தான் கண்டெடுத்தது என்ன என்று தெரியாமலேயே. இந்தப் பாஸல் நகரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரவேண்டியிருக்கிறது.

இப்போது நீங்கள் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைகிறீர்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. நடுவில் பூட்டிய அறை ஒன்று, அதில் குடும்பத்தின் பேரேடுகள் எல்லாம் அடுக்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நியூக்ளியஸ். பேரேடுதான் டி.என்.ஏ. அறையைவிட்டுப் பேரேடு வெளியே வராது. உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறார். அவர் தேவையான பக்கத்தை மட்டும் புரட்டி, துண்டுச் சீட்டில் நகல் எழுதி, கதவு வழியாக வெளியே அனுப்புவார். துண்டுச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. அது அடுப்படிக்குப் போகும். சமையல்காரர் சீட்டைப் பார்த்து அப்படியே பலகாரம் செய்துவிடுவார். பலகாரம்தான் புரதம். யார் எழுதின சீட்டு, எந்தப் பேரேட்டு நகல் என்றெல்லாம் அவர் கேட்கமாட்டார். கேட்கிற பழக்கம் இல்லை.

ஆனால் கணக்கப்பிள்ளை கொஞ்சம் பிகு பண்ணுகிற ஆள். எல்லாப் பக்கத்தையும் எழுதிவிட மாட்டார். கல்யாணச் சமையல் பக்கம் கல்யாணத்துக்குத்தான். எந்தப் பக்கத்தை எப்போது எழுதவேண்டும் என்று சொல்வதற்கென்றே வீட்டில் சில பெரியவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்தின் தலைப்பில் விரல் வைத்தால்தான் பேனா நகரும். உங்கள் கண் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது அதே பேரேடுதான். கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பது இந்த விரல்களால். பிரான்ஸில் ஜாக்கோப், மோனோ இருவரும் 1961-ல் பாக்டீரியாவில் இந்த விரல் விவகாரத்தை விளக்கினார்கள். 1965-ல் நோபல் பரிசு வந்தது.

இந்த வீட்டுக்குள் வெள்ளை ஈ ஒரு அந்நியனைக் கொண்டுவந்து விடுகிறது. அவனிடம் இருப்பது இரண்டே இரண்டு வட்டமான ஏடுகள். ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். உளுந்தின் சொந்தப் பேரேட்டில் ஐம்பது கோடிக்கும் மேல்! இடம் போதாமல், நம் ஓலைச்சுவடிக்காரர்கள் ஓலையின் இரண்டு பக்கமும் எழுதின மாதிரி, அந்நியனும் இரண்டு திசையிலும் எழுதிவைத்திருக்கிறான். கணக்கப்பிள்ளையை அவன் கூட்டிவரவில்லை. சமையல்காரரையும் கூட்டிவரவில்லை. எல்லாமே இந்த வீட்டு ஆள்களை வைத்துத்தான் நடக்கவேண்டும்.

எப்படி நடக்கிறது? இதுதான் கதையின் மையம்.

அந்நியனுடைய ஏட்டில் சில பக்கங்களின் தலைப்பு, வீட்டுப் பேரேட்டுத் தலைப்பு மாதிரியே இருக்கும். கணக்கப்பிள்ளை ஏமாந்து அதை முதலில் எழுதிவிடுவார். அந்த முதல் சீட்டுகளில் பிறக்கிற புரதங்களில் ஒன்று, ஏட்டைப் பிரதி எடுக்கிற வேலையைத் தொடங்கிவைக்கும். இன்னொன்று ரொம்பச் சின்னது. நூற்று முப்பது சொச்சம் அமினோ அமிலங்கள்தான். அதன் பெயர் ஏ.சி.2. (ஏர்கண்டிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சமைக்கப்பட்டது வெளியே அடுப்படியில். ஆனால் அது அங்கே நிற்பதில்லை. திரும்பவும் பூட்டிய அறைக்குள் போகிறது. போய், வீட்டுப் பெரியவர் மாதிரி விரலை நீட்டுகிறது. 'இந்தப் பக்கத்தை எழுதுங்க.'

வைரஸின் சட்டை, அதாவது மேலுறைப் புரதம், எழுதியிருக்கும் பக்கம் அது. பிரதி எடுக்கும் வேலை நடக்கும்போதே சட்டையை மாட்டிவிட்டால் வேலை கெட்டுவிடும். முதலில் பிரதிகள் பெருகட்டும், அப்புறம் சட்டை தைக்கலாம் என்று முறை வைத்திருக்கிறான் அந்நியன். அந்த 'அப்புறம்' எப்போது என்று சொல்கிற விரல்தான் ஏ.சி.2. அமெரிக்காவின் ஒஹையோவில் கேரி சன்டர், டேவிட் பிசாரோ இருவரும் 1992-ல் தக்காளியைத் தாக்கும் ஒரு ஜெமினி வைரஸில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். சீட்டு எழுதுகிற கட்டத்திலேயே இந்தப் புரதம் தலையிடுகிறது என்பதுதான் அவர்களுடைய முடிவு.

சொல்லப்போனால் வைரஸ்களுக்கு இது பழைய தொழில். மனிதனுக்குச் சளி பிடிக்கவைக்கும் அடினோ வைரஸில் இப்படி ஒரு புரதத்தை 1979-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஹெச்.ஐ.வி.யிலும் ஒன்று உண்டு, டாட் என்று பேர். 1985-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே, 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக அந்த வைரஸ் இருப்பது தெரியவந்தது. டாட் இல்லாவிட்டால் ஹெச்.ஐ.வி.யால் ஒன்றும் பண்ண முடியாது. கணக்கப்பிள்ளை அதன் பக்கத்தை எழுத ஆரம்பித்து, ஒரு வரியோடு பேனாவைக் கீழே வைத்துவிடுவார். டாட் வந்து வீட்டு ஆள் ஒருத்தரையும் இழுத்துவந்து, 'நிறுத்தாதீங்க, முழுசா எழுதுங்க' என்று கையைப் பிடித்து எழுதவைக்கும். உளுந்துக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயம் என்பதெல்லாம் வைரஸிடம் கிடையாது.

*

மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே கே. வேலுத்தம்பி என்ற பேராசிரியர். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், தாவரத்துக்குள் தன் டி.என்.ஏ.வைச் செருகுகிற அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். ஊருக்கு வந்து அவர் கையில் எடுத்தது நம் உளுந்து. மஞ்சள் விழுந்த உளுந்துச் செடிகளிலிருந்து வைரஸின் ஏடுகளைப் பிரித்து எடுத்தது அவருடைய குழு.

வெள்ளை ஈயை வைத்து ஆராய்ச்சி செய்வது லேசில்லை. அது எப்போது கடிக்கும், எதைக் கொண்டுவரும், யாருக்குத் தெரியும்? அதனால் அக்ரோபாக்டீரியத்தையே ஈயாக வேலை வாங்கினார்கள். அதன் முதுகில் வைரஸ் ஏட்டை ஏற்றி, முளைவிட்ட உளுந்துக்குள் அனுப்பினால், செடி சொன்னபடி மஞ்சளாகும். இந்த உத்தியை 1980-களில் உருவாக்கியதில் ஸ்விட்சர்லாந்துக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாஸல் நகரத்து ஃப்ரீட்ரிஷ் மீஷர் நிறுவனத்தில் தாமஸ் ஹோன் குழு. ஆமாம், சீழ்த்துணி மீஷர் பெயரில் அமைந்த நிறுவனமேதான்.

மதுரையும் பாஸலும் கைகோத்தன. ஷிவபிரசாத், ராஜேஸ்வரன் போன்ற நம் ஊர் ஆராய்ச்சி இளைஞர்களும், மிகைல் பூகின், டேனியலா ட்ரிங்க்ஸ் போன்றவர்களும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 2005-ல் 'ஜர்னல் ஆஃப் வைராலஜி' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை, உளுந்து வைரஸின் ஏ.சி.2-வை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டது.

முதல் கேள்வி: அடுப்படியில் பிறந்த புரதம் பூட்டிய அறைக்குள் எப்படிப் போகிறது? அதற்கு ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். புரதத்தின் உடம்பிலேயே அது எழுதியிருக்கும். ஏ.சி.2-வில் அந்தச் சீட்டு ஒரே இடத்தில் இல்லை, இரண்டு துண்டாகப் பிரிந்து இருந்தது. இரண்டாவது கேள்வி: உள்ளே போய் எப்படி நிற்கிறது? அதற்குத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வளைகிற 'விரல்' ஒன்று அதன் நடுவில் இருக்கிறது. மூன்றாவது: ஏவுகிற வேலையைச் செய்வது எந்த உறுப்பு? அதன் வால்.

இது வரைக்கும் எதிர்பார்த்ததுதான். அடுத்ததுதான் திருப்பம்.

தாவரத்துக்கு நம்மைப் போல ரத்தமோ வெள்ளையணுவோ கிடையாது. ஆனால் காவல் உண்டு. வீட்டில் சந்தேகத்துக்கு இடமான துண்டுச் சீட்டு உலவினால், காவலாள் அதில் ஒரு துணுக்கைக் கிழித்து மாதிரிக்கு வைத்துக்கொள்வான். அப்புறம் அந்த மாதிரிக்குப் பொருந்துகிற சீட்டு எது கண்ணில் பட்டாலும் கிழித்துப்போடுவான். ஆர்.என்.ஏ.வை வாயடைப்பது என்று இதைச் சொல்லலாம். புழுக்களில் இதன் சூட்சுமத்தை 1998-ல் விளக்கிய ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் கிடைத்தது. ஏ.சி.2 இந்தக் காவலை எப்படியோ முடக்குகிறது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். எப்படி என்பதுதான் தெரியாது. காவலாளைப் பிடித்துக் கட்டிப்போடுகிறதா? துணுக்குகளைப் பிடுங்கிக்கொள்கிறதா? வேறு வைரஸ்கள் அப்படியெல்லாம் செய்வதுண்டு.

மதுரை, பாஸல் குழு ஏ.சி.2-வின் ஒவ்வொரு உறுப்பாக வெட்டிப் பார்த்தது. அனுமதிச் சீட்டைக் கெடுத்தால் காவலை முடக்க முடியவில்லை. துத்தநாக விரலைக் கெடுத்தாலும் முடியவில்லை. வாலை நறுக்கினாலும் முடியவில்லை. அதாவது, அறைக்குள் போய்க் கணக்கப்பிள்ளையை ஏவ முடிந்தால்தான் காவலையும் முடக்க முடிகிறது. இரண்டும் ஒரே வேலை!

அப்படியானால் அது வைரஸின் ஏட்டை மட்டும் தொடவில்லை. வீட்டின் சொந்தப் பேரேட்டிலும் ஏதோ பக்கங்களைப் புரட்டுகிறது. எந்தப் பக்கங்கள்? பார்க்க உளுந்தின் பேரேடு அப்போது யாரிடமும் இல்லை. ஆனால் அரபிடாப்ஸிஸ் என்ற கடுகுச் செடிச் சொந்தத்தின் பேரேடு 2000-லேயே முழுசாகப் படிக்கப்பட்டிருந்தது. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜீன்கள் வேலை செய்கின்றனவா என்று ஒரே தடவையில் காட்டும் சிப் வேறு கடையில் கிடைத்தது. அந்தச் செடியின் செல்களுக்குள் உளுந்து வைரஸின் ஏ.சி.2-வை விட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஆப்பிரிக்காவில் மரவள்ளியைத் தாக்கும் வைரஸின் ஏ.சி.2-வையும் தனியாக விட்டார்கள். இரண்டும் பொதுவாக எழுப்பிவிட்ட ஜீன்கள் முப்பதுக்கும் மேல்.

அவற்றில் சில, காவலை அளவோடு வைத்திருக்கிற ஜீன்களாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எந்த வீட்டிலும் காவல் எப்போதும் முறுக்கேறி நிற்க முடியாது. வீட்டுச் சீட்டையே கிழிக்க ஆரம்பித்துவிடும். அதனால் 'போதும்பா, உட்காரு' என்று சொல்கிறவர்களையும் வீடே வைத்திருக்கும். அந்நியன் காவலாளோடு மல்லுக்கு நிற்கவில்லை. 'உட்காரு' என்று சொல்கிற பக்கத்தைக் கணக்கப்பிள்ளையை விட்டே எழுதவைத்துவிடுகிறான். இதைப் படித்தபோது எனக்கு அந்த வைரஸ் மேல் கோபத்தைவிட மரியாதைதான் வந்தது. விவசாயியாக இருந்தால் வராது.

ஏ.சி.2-வுக்குப் பேரேட்டு எழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். குறிப்பிட்ட எழுத்துகளைப் பார்த்து உட்காருகிற சாமர்த்தியம் அதனிடம் இல்லை. அப்புறம் எப்படிச் சரியான பக்கத்துக்குப் போகிறது? 2009-ல் சன்டர் குழு ஒரு விடையைக் கண்டுபிடித்தது. வீட்டுப் பெரியவர்களில் ஒருவரான ஒரு புரதத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெரியவருக்கு எழுத்துத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்நியன் போகிறான். அந்தப் புரதத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருந்த பெயர் பட்டாணிக் காய் 2. பயறுச் செடி வைரஸின் கதையில் இப்படி ஒரு பெயர் வந்து மாட்டியது தற்செயல்தான்.

*

இவ்வளவு தெரிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆச்சியும் கேட்டார்.

2003-லேயே அதே குழு ஒரு காரியம் செய்திருந்தது. வைரஸ் ஏட்டில், இரண்டு திசையிலும் எழுதத் தூண்டுகிற தலைப்புப் பகுதி ஒன்று உண்டு என்றேன் அல்லவா? அந்தப் பகுதியையே இரட்டை இழை ஆர்.என்.ஏ.வாகத் தயாரிக்கும் ஒரு டி.என்.ஏ.வைச் செய்தார்கள். காவலாளிடம் திருடனின் கைரேகையைக் கொடுக்கிற மாதிரி. அதைக் கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களில் பூசி, ஏற்கெனவே மஞ்சள் விழுந்த உளுந்துச் செடிகளுக்குள் துப்பாக்கி மாதிரியான ஒரு கருவியால் சுட்டார்கள். பல செடிகள் தேறின. புது இலைகள் பச்சையாக வந்தன. 'நேச்சர் பயோடெக்னாலஜி' அதை வெளியிட்டது. டி.என்.ஏ. வைரஸையும் இந்த வழியில் மடக்கலாம் என்று காட்டிய ஆரம்பகால வேலைகளில் அது முக்கியமானது.

ஆனால் ஏக்கர் ஏக்கராகச் செடிகளைச் சுட்டுக்கொண்டு திரிய முடியாது. மரபணு மாற்றிய உளுந்தும் இந்திய வயலுக்கு வரவில்லை. அதற்குள் அந்நியன் வேறு ஒரு சேதி சொன்னான். மதுரைக் குழு பிரித்தெடுத்த வைரஸில் ஏ ஏடு ஒன்றுதான். பி ஏடு மட்டும் ஐந்து விதம்! 2004-ல் அதை எழுதினார்கள். ஒரு முதலாளிக்கு ஐந்து கூட்டாளிகள். செடிக்குள் செல்லுக்குச் செல் பரவுவதிலும் நோயின் கடுமையிலும் பி ஏட்டுக்குப் பங்கு உண்டு. ஒருத்தனுக்கு வழி அடைபட்டால் இன்னொருத்தன் இருக்கிறான்.

விவசாயிக்குக் கைகொடுத்தது பழைய முறைதான். காரைக்குடியிலிருந்து வடக்கே போனால், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி பக்கம் வம்பன் என்று ஒரு ஊர். பேரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் விழாத செடிகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து ரகங்களை உருவாக்குகிறார்கள். வம்பன் 4, வம்பன் 6, வம்பன் 8 என்று வரிசையாக வந்தன. 2016-ல் வந்த வம்பன் 8 மஞ்சள் தேமலைத் தாங்குகிற ரகம் என்று பரிந்துரைக்கப்பட்டது. அந்தச் செடிக்குள் காவலாள் என்ன செய்கிறான், கணக்கப்பிள்ளையிடம் ஏ.சி.2-வின் பேச்சு எடுபடுகிறதா இல்லையா என்பதெல்லாம் வம்பன் வயலில் நிற்கிறவருக்கு அன்றாடக் கவலை இல்லை. இலை பச்சையாக இருக்கிறதா, அவ்வளவுதான்.

ரகம் இருந்தும் வெள்ளை ஈ வருகிறதே? அதற்கும் ஒரு வழி உண்டு. அந்தப் பூச்சிக்கு மஞ்சள் நிறம் என்றால் உயிர். மஞ்சளைக் கண்டால் போய் உட்கார்ந்தே தீரும். அதனால் வயலில் அங்கங்கே குச்சி நட்டு, பளிச்சென்ற மஞ்சள் அட்டையைக் கட்டி, மேலே விளக்கெண்ணெய் தடவி வைத்துவிடுகிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் அட்டை முழுக்க வெள்ளைப் பொடி தூவின மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். வழித்துப் போட்டுவிட்டு, மறுபடி எண்ணெய் தடவவேண்டும்.